சுவற்றில் ஏறி, கிணற்றில் குதித்து…

கேள்வி: ஆசிரியர் ஐயா, எங்கள் காலத்தில் செல்போன் இல்லை, ஹெல்மெட் இல்லை, விதிமுறை என்று எதுவுமே இல்லை. சுவற்றில் ஏறி கிணற்றில் குதித்தோம். கூரைக் கொட்டகையில் படித்தோம். பொழுது சாயும்வரை தெருவில்தான் கிடந்தோம். நாமெல்லாம் நன்றாகத்தானே இருக்கிறோம்? இன்றைய பிள்ளைகளுக்கு அந்தக் கவலையில்லாத பால்யம் இனிமேல் கிடைக்குமா?
— ஒரு வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: கிணற்றில் குதித்தது சரி. சுவற்றில் ஏறியதுதான் விபத்து. கிணறு என்பதால் கிணற்றில். சுவர் என்பதால் சுவரில். 'சுவறு' என்று தமிழில் ஒரு சொல் இருக்கத்தான் செய்கிறது. வற்றிப்போ, உறிஞ்சப்படு என்று அதற்குப் பொருள். அதன்மேல் ஏற முடியாது. இதை அச்சில் பார்த்ததுமே கரூரிலிருந்து ஒரு தபால் கார்டு கிளம்பிவிடும். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் மூன்று வருடமாக என்னோடு இதற்காக மல்லுக்கு நிற்கிறார். "ஊரே சுவற்றில் என்கிறது, நீர் ஒருவர் மட்டும் சுவரில் முட்டிக்கொள்கிறீரே" என்று போன மாதம் எழுதியிருந்தார். முட்டிக்கொள்ளும்போது மட்டும் அவருக்கும் 'சுவரில்'தான் வந்திருக்கிறது. கவனித்தேன்.

சரி, உங்கள் பால்யத்துக்கு வருகிறேன். விதிமுறையே இல்லை என்கிறீர்கள். சைக்கிளில் டபுள்ஸ் போனதில்லையா நீங்கள்? எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்ட் முக்கில் போலீஸ்காரர் நிற்பது தெரிந்தால், பின்னால் உட்கார்ந்தவன் நூறு கஜத்துக்கு முன்பே குதித்து, யாரோ எவரோ போல நடந்துவருவான். ராத்திரி விளக்கு இல்லாமல் ஓட்டினால் சக்கரத்துக் காற்று போய்விடும். ரேடியோ வைத்திருக்கத் தபால் ஆபீசில் வருடாவருடம் பணம் கட்டி லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். எண்பதுகளில்தான் அது ஒழிந்தது. விதிமுறைக்கு அந்தக் காலத்தில் பஞ்சமே இல்லை. மர்ஃபி ரேடியோவுக்கு லைசென்ஸ் கேட்ட அரசாங்கம், மதில் இல்லாத கிணற்றுக்குக் கம்பி வேலி கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இனி என்னைப் பிடித்துக்கொண்ட சொல். நாமெல்லாம்.

தமிழில் 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. கேட்கிற ஆளையும் சேர்த்துக்கொண்டால் நாம், வெளியே நிறுத்தினால் நாங்கள். முதலாவதை இலக்கணத்தில் உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்பார்கள். மலையாளத்திலும் தெலுங்கிலும் இந்த வேறுபாடு இருக்கிறது. கன்னடம் தொலைத்துவிட்டது. இங்கிலீஷுக்கும் இந்திக்கும் இந்த வசதி கிடையாது. இவ்வளவு அருமையான ஏற்பாட்டை நாம் (ஆமாம், நாம்) படுத்தும் பாடு கொஞ்சமல்ல. மேடையில் அமைச்சர் "நாம் சிக்கனமாக இருக்க வேண்டும்" என்றால் அது 'நீங்கள்'. சாதனைகளைச் சொல்லும்போது 'நாங்கள்'. டாக்டர் "இனிப்பை நாம குறைச்சுக்கலாமா?" என்று கேட்டுவிட்டு, நான் வெளியே வந்ததும் மேஜை டிராயரைத் திறக்கும் சத்தம் கேட்டது. லட்டு என்று சந்தேகம். கல்யாண வீட்டில் "நாம இலை எடுத்துரலாம்" என்றால் யார் எடுக்க வேண்டும் என்பது மருமகளுக்குத் தெரியும்.

உங்கள் 'நாமெல்லாம்' இதில் எந்த வகை? என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள், சந்தோஷம். நானும் ஒட்டன்சத்திரம் பக்கத்துத் தோட்டக் கிணறுகளில் முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு நீந்தப் பழகியவன். ஆனால் என் அக்காவையும் சேர்ப்பீர்களா? உங்கள் கேள்வியை நேற்று அவளுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். "நான் எங்கடா குதிச்சேன்? சின்னவனை இடுப்பில வச்சுக்கிட்டு, உன் டிரவுசரைக் கையில பிடிச்சுக்கிட்டு, அம்மா வருதான்னு வரப்பில உக்காந்து பாத்துக்கிட்டிருந்தேன்" என்றாள். அவளுக்கு இன்றைக்கும் நீச்சல் தெரியாது. ஊர்ப் பையன்களாவது எல்லாரும் அந்தக் கிணற்றில் இறங்க முடிந்ததா என்று கேட்டால், எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இருமிவிட்டு வேறு பேச்சு எடுப்பார்கள்.

என் வகுப்பில் இரண்டு பேருக்கு இளம்பிள்ளை வாதம். ஒருவன் படியில் உட்கார்ந்து யார் எத்தனை நேரம் முங்கினார்கள் என்று எண்ணிச் சொல்வான். எண்ணுவதில் கெட்டிக்காரன். இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸ் தாக்கிய கடைசி நோயாளி 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தில். இதெல்லாம் தற்செயல் இல்லை. சொட்டு மருந்து கொடுத்தே தீருவோம் என்று வீடு வீடாக வந்து நின்ற விதிமுறை. உங்கள் சட்டைக் கையை மடக்கித் தோளுக்குக் கீழே பாருங்கள், வட்டமாக ஒரு தழும்பு இருக்கும். பள்ளிக்கூடத்துக்கு அம்மை குத்த ஆள் வந்தால் நாங்கள் பின்பக்கச் சுவரேறி ஓடுவோம். ஒரு தடவை ஹெட்மாஸ்டர் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு, குதிக்கக் குதிக்க ஒவ்வொருவனாகக் காதைப் பிடித்து உள்ளே கொண்டுவந்தார். குத்துகிறவர் கையில் பற்களுள்ள சின்ன வில்லை ஒன்று. தோலில் வைத்து ஒரு திருகு. 1975-க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லை. நீங்கள் உடுமலையிலிருந்து எனக்குக் கேள்வி எழுதுவதில் அந்தத் திருகுக்கும் பங்கு உண்டு.

1971-ல் நம் நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 பேர் முதல் வயதைத் தாண்டவில்லை. 2020-ல் அது 28, தமிழ்நாட்டில் 13. "நன்றாகத்தானே இருக்கிறோம்" என்பதற்கு அந்த 129-இடம் கையெழுத்து வாங்க முடியாது. ஆகவே அங்கே நீங்கள் எழுதியிருக்க வேண்டியது 'நாங்கள்'. பிழை திருத்தி வாசித்துக்கொள்கிறேன்.

கூரைக் கொட்டகை பற்றி மட்டும் என்னிடம் ஜோக் இல்லை. 2004 ஜூலை 16, கும்பகோணம், பள்ளிக்கூடத்தில் தீ, பலியானது 94 பிள்ளைகள். பள்ளிக்கூடங்களில் கீற்றுக் கூரை கூடாது என்று கெடுபிடி வந்தது அதற்கப்புறம்தான்.

தெரு விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன். எங்கள் தெருவில் கிட்டிப்புள் ஆடும்போது ஆட்டத்தை நிறுத்துவது மாட்டுவண்டியும், வைக்கோல் பாரத்தோடு வரும் ஆளும்தான். சாயங்கால பஸ் மெயின் ரோட்டிலேயே திரும்பிவிடும். 1971-ல் இந்தியா முழுக்கப் பதிவான மோட்டார் வாகனங்கள் சுமார் 19 லட்சம். 2020-ல் சுமார் 32 கோடி. இதைப் பற்றி யாரும் ஏக்கக் கவிதை எழுதுவதில்லை. பழியெல்லாம் செல்போன் மேல். போனைப் பிடுங்கி வைத்துவிட்டு "போடா, போய்த் தெருவில் விளையாடு" என்கிறோம். எந்தத் தெருவில்? போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, கிட்டிக்குக் குழி தோண்டுகிற இடத்தைத் தேடினேன். அண்ணன் மகனுடைய கார், சாம்பல் நிற உறை போட்டு, சரியாக அதன்மேல் நிற்கிறது. அதற்கு முட்டுக்கொடுத்தாற்போல என் பழைய ஸ்கூட்டர். பேரன் திண்ணையில் போனோடு உட்கார்ந்திருந்தான். "பந்து கார்மேல பட்டுச்சு, அவ்வளவுதான்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. தெருவை அடைத்தது நீங்கள், நான், அண்ணன் மகன் எல்லாரும்தான். இங்கே மட்டும் தாராளமாக 'நாம்' போடலாம். இலக்கணப்படி சுத்தம்.

திரும்பக் கிடைக்குமா என்று கேட்டீர்கள். எனக்குக் கிடைக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: குரங்கு பெடல். வாடகைக் கடையில் அரை சைக்கிள் எப்போதும் வெளியே போயிருக்கும். முழு சைக்கிள்தான் மிச்சம். சீட்டுக்குக் கால் எட்டாது. இடது கை ஹேண்டில்பாரில், வலது கக்கத்தில் சீட்டை அணைத்து, வலது காலைப் பாருக்கு அடியில் நுழைத்து அந்தப் பக்கப் பெடலில் வைத்து, இடுப்பைக் கோணிக்கொண்டு அரை அரைச் சுற்றாக மிதிக்க வேண்டும். முழுச் சுற்று வராது. செயினில் டிரவுசர் மாட்டும். மணிக்கு இருபத்தைந்து காசு. கடைக்காரர் கரும்பலகையில் என் பெயரையும் நேரத்தையும் எழுதுவார். அவருடைய கடிகாரம் எங்கள் வீட்டுக் கடிகாரத்தைவிடக் கால் மணி நேரம் வேகமாக ஓடும். அதில் எனக்கு இன்னும் மனக்குறை உண்டு.

ஏறுவதைச் சொல்லிக்கொடுக்க ஊரில் பத்துப் பேர் இருந்தார்கள். இறங்குவதை யாரும் சொல்லித்தரவில்லை. பாருக்குள் மாட்டிய காலை எடுப்பதற்குள் வண்டி சாய்ந்துவிடும். அதனால் எங்காவது முட்டித்தான் நிறுத்துவோம். மணல் குவியல் இருந்தால் அதிர்ஷ்டம். எனக்குப் பெரும்பாலும் வாய்த்தது பஞ்சாயத்து ஆபீஸ் காம்பவுண்ட். வலது முழங்கையில் தழும்பு இருக்கிறது. கரூர்க்காரர் வந்தால் காட்டுகிறேன். மோதியது சுவரில்.