நகை அதே நகைதான், கடன் மட்டும் ஏறுகிறது

கேள்வி: எனக்கு 27 வயது. காரிமங்கலம் பக்கம் சொந்த ஊர். பி.என்.ஒய்.எஸ். (இயற்கை மருத்துவம், யோகா பட்டப்படிப்பு) முடித்து ஓசூரில் ஓர் இயற்கை மருத்துவ மையத்தில் வேலை. சம்பளம் 28,000. அக்குபங்சரில் எம்.டி. படிக்க ஆசை. மூன்று வருடத்துக்கு ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் சேர்த்து 4 லட்சம் ஆகும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். கையில் 1,40,000 இருக்கிறது. மூன்று வருடம் முன்பு தாய்மாமா மாந்தோப்புக் குத்தகைக்காக என் 14 பவுன் நகையை வாங்கி, என் பெயரிலேயே 3 லட்சத்துக்கு அடகு வைத்தார். அதில் ஆரம் மட்டும் 5 பவுன். இன்னும் திருப்பவில்லை. தங்கம் விலை ஏறியது எனக்கு லாபம்தான். இந்த வருடம் இன்னொரு 1.5 லட்சம் கேட்கிறார். எனக்குச் சீர் செய்தவர், முகத்துக்கு நேரே எப்படி மறுப்பது? கல்விக் கடன் வாங்கலாமா? மியூச்சுவல் ஃபண்டில் மாதம் 3,000 எஸ்.ஐ.பி. போடலாமா? தோழி ஒருத்தி ஆன்லைனில் 1.8 லட்சத்துக்கு 'எம்.டி. அக்கு' இருக்கிறது, வட்டியில்லாத் தவணை என்கிறாள். அது சரிவருமா?

பதில்: நீங்கள் கேட்டது நான்கு கேள்வி. எனக்குப் பதில் கிடைத்தது, கடிதத்தோடு அனுப்பிய மூன்று அடகு ரசீதுகளின் போட்டோவில்தான். மூன்றிலும் ஒரே பட்டியல்: ஆரம் 1, வளையல் 4, செயின் 1. நிகர எடை ஒரு மில்லிகிராம்கூட மாறவில்லை. தொகை மட்டும் 3,00,000, அப்புறம் 3,54,000, அப்புறம் 4,17,720.

மாதம் நூற்றுக்கு ஒன்றரை வட்டி என்றால் வருடத்துக்கு 18 சதவீதம். மாமா வட்டியும் கட்டுவதில்லை. கெடு வரும்போதெல்லாம் நீங்கள் கடைக்குப் போய், வட்டியை அசலோடு சேர்த்து, அதே நகையை மாற்றி வைத்துவிட்டு வருகிறீர்கள். கையிலிருந்து காசு போகாததால் வலி தெரியவில்லை. தங்கம் விலை ஏறிக்கொண்டே போனதால் கடைக்காரரும் சிரித்த முகத்தோடு புது ரசீது போட்டுக் கொடுத்தார். விலை ஏறியது உங்களுக்கு லாபம் என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை அம்மா, ஏறிய மதிப்பில் ஒரு பங்கை அந்த வட்டி தின்றுவிட்டது. அடுத்த கெடுவில் நீங்கள் தர வேண்டியது சுமார் 4,93,000. படிப்புக்குத் தேடும் 4 லட்சத்தைவிட அதிகம்.

இன்னும் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். எம்.டி.யில் சேர்ந்தால் மூன்று வருடம் சம்பளம் கிடையாது. அதுவே 10 லட்சம். உதவித்தொகை கிடைக்குமா, எவ்வளவு என்று கல்லூரியில் நேரில் கேளுங்கள். கிடைத்தாலும் அது சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் சரியாகப் போகும். அந்த மூன்று வருடமும் இதே மாதிரி மாற்றி வைத்துக்கொண்டே போனால் 4.93 லட்சம் சுமார் 8.1 லட்சமாகும். இடையில் தங்கம் கொஞ்சம் இறங்கினால் கடைக்காரர் முகம் மாறும். நகை முழுகிவிடும்.

ஆகவே கெடு வருவதற்குள் கடைக்குப் போய், உங்கள் 1,40,000-ஐக் கட்டி ஆரத்தை மட்டும் தனியாக மீட்கக் கேளுங்கள். நகையின் மதிப்பு கடனைவிட வெகுவாக அதிகம், ஒத்துக்கொள்வார்கள். முறுக்கினால் மொத்தத்தையும் பொதுத்துறை வங்கிக்கு மாற்றுங்கள். அங்கே வட்டி ஏறக்குறைய பாதிதான். ஆரம் 5 பவுன் என்கிறீர்கள். அதை விற்றால் மீதி மூன்றரை லட்சம் அடைந்து, உங்கள் சேமிப்பிலும் ஒரு பகுதி திரும்பி வரும். கல்யாணத்துக்கு வைத்த ஆரம் என்று அம்மா அழுவார். மூன்று வருடமாக அது கடைக்காரரின் பெட்டியில்தான் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

எஸ்.ஐ.பி.யா? 18 சதவீதக் கடனைத் தலையில் வைத்துக்கொண்டா? இப்போது அந்தப் பேச்சே வேண்டாம்.

ஆன்லைன் 'எம்.டி.'யும் வேண்டாம். அக்குபங்சரைத் தனிச் சிகிச்சை முறையாக மத்திய அரசு 2019-இல் ஏற்றுக்கொண்டது உண்மை. அதற்காகப் பெயருக்குப் பின்னால் எந்த எழுத்தையும் யாரும் விற்கலாம் என்று ஆகிவிடாது. ஐந்தரை வருடம் படித்த உங்களுக்கு அது எதற்கு? சென்னை அரும்பாக்கம் அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரியில் இயற்கை மருத்துவம், யோகாவோடு அக்குபங்சருக்கும் எம்.டி. இருக்கிறது. உங்களைப் போன்றவர்களுக்கென்றே இருக்கும் படிப்பு. இடங்கள் மிகக் குறைவு, அதனால் சேர்க்கைக் கடிதம் கைக்கு வரும்வரை ஓசூர் வேலையை விடாதீர்கள்.

கல்விக் கடன் வாங்கலாம், தப்பில்லை. 4 லட்சம் வரை வங்கிகள் பொதுவாக ஈடு கேட்பதில்லை, அப்பாவோ அம்மாவோ கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போட்டால் போதும். கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். படிப்புக் காலமும் அதன்பின் ஒரு வருடமும் தவணை கிடையாது. அதுவரை தனி வட்டிதான், வட்டிக்கு வட்டி இல்லை. வருடா வருடம் பிரித்து வாங்கினால், 10 சதவீதத்தில் அந்த நாலு வருடத்துக்கும் சேர்த்து ஒரு லட்சத்துச் சொச்சம் வரும். வரிச்சலுகை உண்டு என்று ஏஜென்ட் யாராவது இழுத்தால் மயங்காதீர்கள். உங்கள் வருடச் சம்பளம் 3,36,000, கட்டும் வரியே இல்லை.

இனி மாமா விஷயம். அவர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. பூப்பிடிக்கும்போதே குத்தகைப் பணத்தைக் கொட்ட வேண்டும், காய் மே, ஜூனில் வரும், மாங்கூழ் ஆலைக்காரர் காசு எப்போது தருவார் என்பது அவருக்கே தெரியாது. 2025 சீசனில் கூழுக்குப் போகும் பெங்களூரா மாம்பழத்தின் விலை எப்படிச் சரிந்தது என்று காவேரிப்பட்டணத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்தச் சூதாட்டத்தைச் சம்பளக்காரப் பெண்ணின் நகை தாங்க வேண்டியதில்லை.

அவரிடம் 'தரமாட்டேன்' என்று ஆரம்பிக்காதீர்கள். “மாமா, எம்.டி.க்கு பேங்க்கில் கடன் கேட்கப் போகிறேன், என் பேரில் வேறு கடன் இருக்கக் கூடாது, கடை வரைக்கும் வாங்க” என்று கூட்டிக்கொண்டு போங்கள். மூன்று ரசீதையும் மேசையில் வரிசையாக வைத்துக் கடைக்காரரையே தொகையை வாசிக்கச் சொல்லுங்கள். அனேகமாக மாமா இதுவரை 3 லட்சம் என்றே நினைத்துக்கொண்டிருப்பார்.