மாமா தந்த ரோலக்ஸும் மகளின் கல்லூரிக் கட்டணமும்

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்கு அருகே தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். தேங்காய் வியாபாரமும் உண்டு. வயது 47. துபாயில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்த என் தாய்மாமா, 2009-இல் ஊர் திரும்பியபோது ஸ்டீலும் தங்கமும் கலந்த ரோலக்ஸ் டேட்ஜஸ்ட் கடிகாரம் ஒன்றை என் கையில் கட்டிவிட்டார். மகளின் சீருக்கு முன்பாகக் கோயம்புத்தூரில் ஒரு கடையில் அதற்குப் பாலிஷ் போட்டேன். மங்கியிருந்த வெள்ளிநிற டயலைக் கழற்றிவிட்டுக் கல் பதித்த நீல டயல் வைத்தார்கள். பெட்டியும் அட்டையும் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது எங்கோ போய்விட்டன. சென்ற மாதம் தோப்புத் தொட்டியில் குளித்தபோது கண்ணாடிக்குள் ஆவி படிந்தது. மூன்று நாள் அரிசிக்குள் புதைத்து வைத்தேன், இப்போது தெளிந்துவிட்டது. அடுத்த மாதம் மகளின் கல்லூரிக்கு 2.4 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். கோவை வியாபாரி ஒருவர் 3.6 லட்சம் ரொக்கமாகத் தருகிறேன், ரசீது எதுவும் வேண்டாம் என்கிறார். நகைக்கடன் நிறுவனத்தில் அடகு கேட்டால் சிரிக்கிறார்கள். என் மைத்துனரோ, "விற்காதீர்கள் மாமா, கடன் வாங்கியாவது இன்னொன்று வாங்கிப் போடுங்கள், ரோலக்ஸ் விலை இறங்கியதே கிடையாது" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: பணத்துக்குப் பிறகு வருகிறேன், முதலில் அரிசி. கண்ணாடி தெளிந்துவிட்டது என்று நிம்மதியாக இருக்கிறீர்கள். எனக்கு அதுதான் கவலை. நீர் புகாதபடி மூடிய கூட்டுக்குள் இருக்கும் ஈரத்தை வெளியே கிடக்கும் அரிசி எப்படி உறிஞ்சும்? உள்ளே படிந்த ஆவி மறுபடி காற்றில் கலந்திருக்கிறது, அவ்வளவுதான். அது இப்போது சின்னஞ்சிறு பற்சக்கரங்களிலும் திருகுகளிலும் உட்கார்ந்து துருவாகிக்கொண்டிருக்கும். டேட்ஜஸ்ட் 100 மீட்டர் வரை நீர் தாங்கும் என்பது உண்மை. ஆனால் பக்கவாட்டுக் குமிழை இறுகத் திருகி மூடியிருக்க வேண்டும், உள்ளிருக்கும் ரப்பர் வளையங்களும் நல்ல நிலையில் இருக்க வேண்டும். 2009 முதல் ஒருமுறையாவது முறையான சர்வீஸ் நடந்ததாக நீங்கள் எழுதவில்லை. பதினைந்து ஆண்டுக்கு மேல் பழகிய ரப்பரை நம்பித் தொட்டியில் இறங்கியிருக்கிறீர்கள். அந்த நிறுவனமே பத்து ஆண்டுக்கு ஒருமுறை சர்வீஸ் செய்யச் சொல்கிறது. ஆகவே விற்பதானாலும் வைத்துக்கொள்வதானாலும் இந்த வாரமே பிரித்துப் பார்க்கக் கொடுங்கள். செலவு பல ஆயிரங்கள் ஆகும். துரு ஏறிய பிறகு கொடுத்தால் பாகங்களின் விலையும் சேரும்.

அடுத்தது பாலிஷ். உங்கள்மேல் கோபப்பட எனக்கு உரிமை இல்லை, ஏனென்றால் அதே தவற்றை நானும் செய்திருக்கிறேன். என் அப்பா வைத்திருந்தது எச்.எம்.டி. ஜனதா, தினமும் சாவி கொடுக்கும் ரகம். அவர் போன பிறகு, மஞ்சள் பூத்திருந்த அதன் டயலைப் "புதுசு போல" ஆக்கித் தரும்படி ஒருவரிடம் கொடுத்தேன். புதுசு போலத்தான் திரும்பி வந்தது. அப்பாவின் வாட்ச் திரும்பி வரவில்லை. அதற்குச் சந்தையில் பெரிய விலை இல்லை, ஆகவே எனக்கு நட்டம் மனதோடு போயிற்று. உங்கள் நட்டம் ரூபாயிலும் இருக்கிறது.

நகைக்கடையில் பாலிஷ் போட்டால் மதிப்பு கூடும் என்று பழகிய நமக்கு, கடிகாரச் சந்தையின் கணக்கு தலைகீழாகத் தெரியும். பாலிஷ் என்பது உலோகத்தைத் தேய்த்து எடுப்பது. கூட்டின் கூர்மையான விளிம்புகள் மழுங்கிவிடும். உங்களுடையதில் சங்கிலியின் நடுக்கண்ணிகள் 18 காரட் தங்கம். பாலிஷ் சக்கரம் ஏறும்போதெல்லாம் அந்தத் தங்கமும் தூளாகிப் போகிறது. வாங்குகிறவர் கீறலை மன்னிப்பார், மழுங்கலை மன்னிக்க மாட்டார். இனி எங்கே கொடுத்தாலும் "பாலிஷ் வேண்டாம்" என்று வேலைச்சீட்டில் எழுதி வாங்குங்கள்.

போன உலோகம் வராது. டயல் வரலாம். உங்கள் கடிதத்தில் எனக்கு நம்பிக்கை தந்த ஒரே இடம் இதுதான். கழற்றிய அந்த வெள்ளிநிற டயல் எங்கே? பழுதுபார்க்கிறவர்கள் இப்படிக் கழற்றியதைக் குப்பையில் போடுவது அபூர்வம். நாளையே போய்க் கேளுங்கள், கேட்கிற பணத்தைக் கொடுத்தாவது வாங்கி வாருங்கள். மங்கியிருந்தால் இருக்கட்டும். கல் பதித்த நீல டயல் ரோலக்ஸ் தயாரித்ததாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அப்படியானால் அங்கீகாரம் பெற்ற சேவை மையம் அதோடு வேலை செய்ய மறுக்கலாம், அல்லது அசல் டயலை விலைக்கு வாங்கச் சொல்லும். வியாபாரி 3.6 லட்சத்தில் நிற்பதற்கும் அந்த நீலம் ஒரு காரணம்.

பெட்டியைவிட அட்டைதான் பெரிய இழப்பு. தொலைந்த உத்தரவாத அட்டைக்கு மாற்று அட்டை தரும் வழக்கம் ரோலக்ஸுக்கு இல்லை. அது இல்லாத வாட்ச்சைப் பார்க்கிறவர் மனதில் "போலியோ, திருட்டோ" என்ற சந்தேகம் ஓடும். அந்தச் சந்தேகத்துக்கு விலை வைத்துக் கழித்துக்கொள்வார். ஆனால் வளைகுடாவில் இருபத்தாறு ஆண்டு இருந்தவர்கள் காகிதங்களை எளிதில் எறிய மாட்டார்கள். பழைய பாஸ்போர்ட்டோடு, விமான டிக்கெட்டின் அடிக்கட்டையோடு கடை ரசீதும் மாமாவின் பெட்டியில் இருக்கக்கூடும். விமான நிலையத்தில் சுங்கவரி கட்டியிருந்தால் அந்தச் சீட்டையும் தேடச் சொல்லுங்கள். எது கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், இன்ன ஆண்டு இன்ன வரிசை எண் கொண்ட கடிகாரத்தை மருமகனுக்கு அன்பளிப்பாகத் தந்தேன் என்று ஒரு கடிதம் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். தாய்மாமா தந்த அன்பளிப்புக்கு வருமான வரி இல்லை.

வரலாறு எப்படி விலையாகிறது என்பதற்கு உங்கள் மைத்துனர் கட்டாயம் ஒரு கதை சொல்லியிருப்பார்: ஹாலிவுட் நடிகர் பால் நியூமனின் ரோலக்ஸ் டேடோனா 2017-இல் நியூயார்க் ஏலத்தில் ஏறக்குறைய 1.78 கோடி டாலருக்குப் போனது. கதை உண்மை. ஆனால் நியூமனின் மனைவி அதன் முதுகில் பொறித்துத் தந்த சொற்கள் அப்படியே இருந்தன. யாராவது அதைப் பாலிஷ் போட்டுப் பளபளப்பாக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மைத்துனரைக் கேளுங்கள்.

விலை இறங்கியதே இல்லை என்பது மட்டும் சுத்தமாகத் தவறு. பழைய சொகுசுக் கடிகாரங்களின் விலை 2022 தொடக்கத்தில் உச்சிக்குப் போய், அதன் பிறகு நன்றாகச் சரிந்தது. உச்சியில் கடன் வாங்கி வாங்கியவர்கள் தவணையையும் கட்டினார்கள், சரிவையும் பார்த்தார்கள். இன்னொன்றும் இருக்கிறது. சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு நாடுகளோடு இந்தியா செய்த வணிக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1-இல் நடைமுறைக்கு வந்துவிட்டது. சுவிஸ் கடிகாரங்கள் மீதான இறக்குமதி வரி அதன்படி சில ஆண்டுகளில் படிப்படியாக நீங்கும். புதியதன் வரி குறையப்போகிற நேரத்தில் பழையதைக் கடனில் வாங்கிப் பதுக்குவது, கொப்பரை வரத்து கூடப்போகிறது என்று தெரிந்தே கிடங்கை நிரப்புவது போன்றது. இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கணக்கையும் பார்த்துவிடுவோம். மைத்துனர் சொன்னபடி இன்னொன்று வாங்க 8 லட்சம் ரூபாய் கடன் என்று வைப்போம், 15 சதவீத வட்டி, நான்கு ஆண்டு. மாதத் தவணை சுமார் 22,260 ரூபாய்; மொத்தம் 10.69 லட்சம் கட்டியிருப்பீர்கள். விற்கும்போது வியாபாரி தன் பங்காக 15 சதவீதம் எடுத்துக்கொள்கிறார் என்று வைத்தால், உங்கள் கைக்கு அந்த 10.69 லட்சம் வரவே கடிகாரம் 12.6 லட்சத்துக்கு விற்க வேண்டும். அதாவது விலை ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறினால்தான் நீங்கள் போட்ட இடத்தில் நிற்பீர்கள். அதுவரை அணியவும் கூடாது, கீறல் விழுந்துவிடும். வங்கி லாக்கரில் வைக்கலாமே என்பீர்கள். அங்கே திருட்டோ தீயோ நேர்ந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் நூறு மடங்கோடு முடிந்துவிடும். தனியாகக் காப்பீடு எடுக்க வேண்டும், அதற்கும் பிரீமியம். மைத்துனர் வேண்டுமானால் தன் பெயரில் கடன் வாங்கட்டும்.

இப்போது கோவை வியாபாரி. கொங்குப் படையைத் துரத்தியதைக் கொங்கன்படை என்று இன்றும் திருவிழாவாகக் கொண்டாடுகிற பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துக்காரர் நீங்கள். ரொக்கப் பையோடு வேலந்தாவளம் எல்லை தாண்டி வருகிறவரை மட்டும் ஏன் வரவேற்கிறீர்கள்? ஒரே பரிவர்த்தனையில் இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் 2017 ஏப்ரல் முதல் தடை செய்திருக்கிறது. மீறினால் அபராதம் பெற்ற தொகை அளவுக்கே போகலாம், அதுவும் பணத்தைப் பெற்றவருக்கு, அதாவது உங்களுக்கு. 3.6 லட்சம் வாங்கி 3.6 லட்சம் அபராதம் கட்டினால் கடிகாரத்தைச் சும்மா கொடுத்த கணக்கு. ரசீது வேண்டாம் என்பவர் உங்களுக்கு வசதி செய்யவில்லை. விற்பதானால் வங்கிக் கணக்கு வழியாகத்தான், கையெழுத்திட்ட விற்பனைச் சீட்டோடுதான். சொந்த உபயோகப் பொருளை விற்ற லாபத்துக்குப் பொதுவாக மூலதன ஆதாய வரி கிடையாது. ஆனால் உங்களுடையதில் தங்கம் இருப்பதால் நகையாகக் கருதலாமா என்ற கேள்வி எழலாம். ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

நகைக்கடன்காரர்கள் சிரித்ததில் தப்பில்லை. அவர்கள் தங்கத்தை எடைபோட்டுக் கடன் தருகிறவர்கள். ஸ்டீலும் எந்திரமும் கலந்ததை எந்தத் தராசில் வைப்பார்கள்? தேவை வந்த நாளில் காசாக மாற மறுக்கிற பொருளைச் சேமிப்பு என்று இத்தனை நாள் எண்ணியிருந்தீர்களானால், அந்த எண்ணத்தை இப்போது திருத்திக்கொள்ளலாம்.

கட்டணத்துக்கு வாட்ச்சை விற்க வேண்டிய தேவையே எனக்குத் தெரியவில்லை. கல்விக்கடன் 7.5 லட்சம் வரை சொத்துப் பிணையின்றிக் கிடைக்கும். மகளின் சேர்க்கைக் கடிதத்தோடு இந்த வாரமே உங்கள் வங்கிக்குப் போங்கள். ஒப்புதல் தாமதமானால் வீட்டு நகையை இரண்டு மூன்று மாதத்துக்கு வைத்து முதல் தவணையைக் கட்டிவிட்டு, கடன் வந்ததும் மீட்டுவிடலாம். அவசரம் தீர்ந்த பிறகு, பழைய டயல் ஏறி, சர்வீஸ் சீட்டும் மாமாவின் கடிதமும் கையில் இருக்கும்போது, இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள். அப்போதும் விற்கத் தோன்றினால் விற்கலாம்.

ஒன்று மட்டும். ரசீது கேட்க மாமா வீட்டுக்குப் போகும்போது, பழைய டயல் திரும்பி வரும்வரை அந்த வாட்ச்சைக் கட்டிக்கொண்டு போகாதீர்கள்.