மாமனார் ஏற்றும் மெழுகுவத்தி

கேள்வி: மதுரையில் பிறந்த நான், நியூ ஜெர்சியில் ஒரு யூதக் குடும்பத்தின் மருமகளாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. எண்பது வயது மாமனார் புரூக்ளின் வீட்டை விற்றுவிட்டு எங்களோடு வந்துவிட்டார். அந்த வீட்டைக் காலி செய்தபோது அவருடைய தாத்தாவின் தகரப் பெட்டி என் கைக்கு வந்தது. தாத்தா 1910-ல் திருமணமாகாத இளைஞராக அமெரிக்கா வந்தவர் என்றே எல்லோரும் சொல்வார்கள். பெட்டியிலோ, மின்ஸ்க் அருகே ஒரு சிற்றூரில் இருந்த, அதே குடும்பப் பெயருள்ள ஒரு பெண்ணுக்கு 1914 ஜூலை வரை பணம் அனுப்பிய ரசீதுகளும், அவள் இரண்டு பிள்ளைகளோடு நிற்கும் படமும் இருக்கின்றன. அவர் இங்கே மணம் செய்தது 1919-ல். மகளின் பாட் மிட்ஸ்வா விழாவுக்காக (யூதச் சிறுமி சமயக் கடமைகளுக்குரிய வயதை எட்டும் விழா) குடும்ப வரலாற்றை அச்சிட இருக்கிறேன். "அந்த அயோக்கியனைத் தோண்டாதே, பெட்டியைத் தூக்கிப் போடு" என்கிறார் என் கணவர். மாமனாரிடம் சொன்னால் இந்த வயதில் தாங்குவாரா? அவர் மதப்பற்று உள்ளவரும் அல்லர். பெற்றோரின் நினைவு நாட்களை விட்டால், டிசம்பரிலோ ஜனவரியிலோ ஒரு மாலையில் மெழுகுவத்தி ஏற்றி மறுநாள் அந்தி வரை பட்டினி கிடப்பதோடு சரி. விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன்.

பதில்: தாங்குவாரா என்ற கவலையை விடுங்கள். அவருக்குத் தெரியும். கடிதத்தின் கடைசியில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்டுக் கடந்த அந்த மெழுகுவத்தியே அதைச் சொல்கிறது.

யூதர்கள் இறந்தவரின் நினைவு நாளுக்கு முந்தைய மாலை ஏற்றும் மெழுகுவத்தி, ஒரு முழு நாள் எரியும். அதை ஏற்ற இறந்த நாள் தெரிந்திருக்க வேண்டும். நாள் தெரியாதவர்களுக்கு என்ன செய்வது? பாபிலோனியர் ஜெருசலேமை முற்றுகையிட்டதை நினைத்து யூதர்கள் நோன்பிருக்கும் தேவேத் மாதப் பத்தாம் நாளை, நாஜிகளின் படுகொலையில் இறந்த தேதியே தெரியாமல் போனவர்களுக்காகப் பிரார்த்தனை சொல்லும் நாளாகவும் இஸ்ரேலின் தலைமை ரபிகள், அதாவது யூத மதகுருக்கள், அறிவித்தார்கள். அவர்களுடைய மாதங்கள் சந்திரனை ஒட்டியவை என்பதால், அந்த நாள் டிசம்பருக்கும் ஜனவரிக்கும் இடையில் நகர்ந்துகொண்டே இருக்கும். ஜெபாலயத்துப் பக்கமே போகாத ஒரு மனிதர் அந்த ஒரு நாளில் மட்டும் தவறாமல் பட்டினி கிடக்கிறார் என்றால், அது யாருக்காக?

திதி தெரியாமல் போனவர்களுக்கு மகாளய அமாவாசையில் எள்ளும் தண்ணீரும் இறைக்கிற ஊரில் வளர்ந்தவர் நீங்கள், அம்மா. மற்றவர்கள் கவனிக்காமல் விட்டிருந்தாலும் உங்களுக்கு அது உறைத்திருக்க வேண்டும். "இது யாருக்கு, மாமா?" என்று கேட்க இத்தனை ஆண்டுகளில் உங்களுக்கு வாய் வரவில்லை, ஆனால் அவருடைய தாத்தாவின் பெட்டியைத் திறந்து, ரசீதுகளைத் தேதி வாரியாகப் பார்த்து, அச்சகம் வரை போக மட்டும் மனம் வந்திருக்கிறது. பெரியவர் உயிரோடு அடுத்த அறையில் இருக்கும்போது காகிதங்களிடம் குடும்பக் கதையைக் கேட்பது எனக்குச் சற்றும் பிடிக்காத காரியம்.

உங்கள் கணவரின் தீர்ப்புக்கு வருகிறேன். கடைசி ரசீது 1914 ஜூலை என்கிறீர்கள். ஆகஸ்ட் 1-ல் ஜெர்மனி ரஷ்யா மீது போர் தொடுத்தது. மின்ஸ்க் ரஷ்யப் பேரரசில் இருந்தது. ரசீது நின்றதை மட்டும் வைத்து ஒருவரை அயோக்கியன் என்பது அவசரத் தீர்ப்பு. கணவன் முதலில் வந்து, தையல் பட்டறையில் உழைத்து, கப்பல் சீட்டுக்குப் பணம் சேர்த்து வீட்டாரை அழைத்துக்கொள்வதே அன்றைய வழக்கம். போர் பல குடும்பங்களை இரண்டாக வெட்டியது.

அதற்காகத் தாத்தாவை நான் விட்டுவிடப்போவதும் இல்லை. 1914 நவம்பரில் நியூயார்க்கில் உருவான 'ஜாயின்ட்' என்ற யூத நிவாரண அமைப்பின் வழியாக, போருக்கு நடுவிலும் உறவினர்களுக்குப் பணம் அனுப்பியவர்கள் இருந்தார்கள். ரஷ்ய உள்நாட்டுப் போரிலும் யூதர்கள் மீதான படுகொலைகளிலும் மனைவி மக்கள் இறந்துவிட்டதாக நம்பி அவர் 1919-ல் மறுமணம் செய்திருக்கலாம். ஆனால் விளக்கு எரிவது நாஜிகளிடம் மாண்டவர்களுக்கான நாளில் என்றால், அவர்கள் அதற்குப் பிறகும் உயிரோடிருந்தார்கள் என்ற செய்தி எப்போதோ இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. 1924-ன் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் கிழக்கு ஐரோப்பியருக்குக் கதவை ஏறக்குறைய மூடிவிட்ட போதும், அமெரிக்கக் குடிமகனின் மனைவிக்கும் பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளுக்கும் நாட்டுவாரி ஒதுக்கீட்டுக்கு வெளியே இடம் வைத்திருந்தது. இவர் அதற்குள் குடியுரிமை பெற்றிருந்தாரா, செய்தி எந்த ஆண்டில் வந்தது என்பவற்றை வைத்தே அவருடைய குற்றத்தின் அளவு தெரியும். இதற்கிடையில் யூத முறைப்படி மணவிலக்குக் கடிதம் கிடைக்காத பெண்ணுக்கு மறுமணமும் இல்லை. அவர் இங்கே புது வாழ்க்கை தொடங்க, அவள் அங்கே கைம்பெண்ணும் அல்லாமல் சுமங்கலியும் அல்லாமல் காத்திருந்திருப்பாள். இப்படி மறைந்த கணவர்களின் படங்களை கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான யிட்டிஷில் வந்த நியூயார்க் நாளேடான 'ஃபார்வர்ட்ஸ்' வரிசையாக வெளியிட்டதும், அவர்களைத் தேடவென்றே 1911-ல் ஒரு பணியகம் தோன்றியதும் சும்மா இல்லை.

இனிச் செய்ய வேண்டியது. கேட்க வேண்டியவர் நீங்கள் அல்லர், உங்கள் கணவர். பெட்டியைத் தூக்கிப் போடச் சொன்ன அந்த மகனே அதைத் தூக்கிக்கொண்டு போய்த் தகப்பனின் முன்னால் வைக்கட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். அவர் வாய் திறக்கச் சில நாட்கள் ஆகலாம், நச்சரிக்காதீர்கள். 1910-ன் கப்பல் பயணிகள் பட்டியலில் மணமானவரா என்பதும், சொந்த ஊரில் விட்டுவந்த நெருங்கிய உறவினரின் பெயரும் முகவரியும் கேட்டு எழுதியிருப்பார்கள். குடியேறிகள் வந்திறங்கிய நியூயார்க்கின் எல்லிஸ் தீவுப் பதிவுகளை இணையத்தில் கட்டணமின்றித் தேடலாம். 1941 ஜூன் கடைசியில் மின்ஸ்க் ஜெர்மானியரிடம் விழுந்தது; சுற்றுப்புறச் சிற்றூர்களின் யூதர்கள் பெரும்பாலும் ஊருக்கு வெளியே குழிகளின் ஓரத்தில் சுடப்பட்டார்கள். மாண்டவர்களைப் பெயர் பெயராகப் பதியும் படிவம் ஜெருசலேமில் உள்ள நாஜிப் படுகொலை நினைவகமான யாத் வாஷெமில் இருக்கிறது. அந்த மூவருக்கும் யாரேனும் ஏற்கெனவே நிரப்பியிருந்தால், நிரப்பியவரின் பெயர் அதில் இருக்கும். அது உங்கள் மாமனாருக்கு ஓர் உறவாகவும் இருக்கலாம். இல்லையென்றால் நிரப்பிக் கையெழுத்திட வேண்டியவர் அவர், அவரால் முடியாவிட்டால் உங்கள் கணவர்.

நூலில் முதல் மனைவியின் பெயரை இரண்டாமவளின் பெயருக்கு முன்னால் போடுங்கள், மாமனார் சம்மதித்தால். சம்மதிக்காவிட்டால் நூல் இந்த விழாவுக்கு வேண்டாம். மகளிடம் மட்டும் எதையும் மறைக்காதீர்கள். உங்கள் மாமனாருக்குப் பிறகு அந்த நாளில் மெழுகுவத்தி ஏற்ற வேண்டியவள் அவள். அது யாருக்கு என்று அவளுக்காவது தெரிந்திருக்கட்டும்.