நர்சிங் தியரி: இத்தனை பெயர்களில் எதை எடுப்பது?

கேள்வி: வார்டில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு இப்போது முதுநிலை நர்சிங் படிக்கிறேன். நைட்டிங்கேல், பெப்லாவ், ஓரெம், ராய், ரோஜர்ஸ் என்று பெயரையும் வருடத்தையும் மனப்பாடம் செய்தாலும் மறுநாளே மறந்துவிடுகிறது. புதிதாக இன்சுலின் போடத் தொடங்கும் நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுப்பது பற்றி ஆய்வு செய்யப்போகிறேன். அதற்கு எந்தத் தியரியை எடுப்பது? இந்த வரலாறெல்லாம் உண்மையிலேயே தேவைதானா?

பதில்: தேவைதான், ஆனால் மனப்பாடமாக அல்ல. ஒவ்வொரு தியரியும் அந்தந்தக் காலத்து நர்சுகள் முன்னால் நின்ற ஒரு கேள்விக்குக் கிடைத்த பதில். கேள்வி என்னவென்று பிடிபட்டுவிட்டால் பெயர் தானாக ஒட்டிக்கொள்ளும், உங்கள் ஆய்வுக்கு எது பொருந்தும் என்பதும் அங்கேயே பாதி தெரிந்துவிடும்.

நைட்டிங்கேலிடமிருந்து தொடங்குவோம். கிரிமியப் போரின்போது, 1854-ல், அவர் துருக்கியில் இருந்த ஸ்குடாரி ராணுவ மருத்துவமனைக்குப் போனபோது வீரர்கள் காயத்தைவிட டைபாய்டு, காலரா, வயிற்றுப்போக்கு போன்ற நோய்களால்தான் அதிகம் செத்துக்கொண்டிருந்தார்கள். 1855-ல் சுகாதார ஆணையம் வந்து சாக்கடையையும் காற்றோட்டத்தையும் சரிசெய்த பிறகு இறப்பு பெரிய அளவில் குறைந்தது. ஊர் திரும்பி அந்த எண்களை உட்கார்ந்து அலசி, வரைபடமாகப் போட்டுக் காட்டியவர் அவர். அதனால்தான் 1859-ல் வந்த 'நோட்ஸ் ஆன் நர்சிங்' புத்தகத்தில் திரும்பத் திரும்பக் காற்று, வெளிச்சம், சுத்தம், உணவு, சத்தமில்லாத சூழல் என்றே பேசுகிறார். குணமாக்குவது இயற்கை, அதற்குத் தோதான நிலையில் நோயாளியை வைப்பது நர்சின் வேலை, இதுதான் அவருடைய வாதம். தியரி என்ற சொல்லை அவர் பயன்படுத்தாவிட்டாலும் பின்னால் வந்தவர்கள் அதை முதல் தியரியாக எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு: மருத்துவரின் வேலையிலிருந்து தனியாக நர்சுக்கென்று ஒரு வேலையை அவர் பிரித்துக் காட்டினார்.

அதற்குப் பிறகு ஏறத்தாழ நூறு வருடம் பெரிதாக ஒன்றும் வரவில்லை. பயிற்சி மருத்துவமனைகளின் கையில் இருந்தது, மாணவிகள்தான் வார்டு வேலையின் பெரும்பகுதியைப் பார்த்தார்கள், உட்கார்ந்து யோசிக்க யாருக்கு நேரம் இருந்திருக்கும்? அமெரிக்காவில் நர்சிங் கல்வி பல்கலைக்கழகங்களுக்குள் போனபோதுதான் 'உங்களுக்கென்று சொந்த அறிவு என்ன இருக்கிறது?' என்ற கேள்வி வலுவாக எழுந்தது. ஹில்டிகார்ட் பெப்லாவ் 1952-ல் தந்த பதில், நர்சுக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவே சிகிச்சையின் ஒரு பகுதி என்பது. அவர் மனநலத் துறையிலிருந்து வந்தவர், அதனால் அந்த உறவு எப்படித் தொடங்கி, வளர்ந்து, முடிகிறது என்று கட்டம் கட்டமாகப் பார்த்தார். கையெழுத்துப்படி 1948-லேயே தயாராகியும், கூட ஒரு மருத்துவரின் பெயர் இல்லாமல் நர்ஸ் ஒருவர் தனியாக இப்படிப் புத்தகம் எழுதுவதா என்ற தயக்கத்தில் வெளியீடு தள்ளிப்போனது. அந்தக் காலம் எப்படி இருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

வர்ஜினியா ஹெண்டர்சனை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள். அவர் சொல்வது இதுதான்: போதுமான வலிமையோ, மன உறுதியோ, அறிவோ இருந்தால் ஒருவர் தனக்குத் தானே செய்துகொள்ளும் காரியங்களில் அவருக்கு உதவுவதும், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் அவரைத் தன் காலில் நிற்க வைப்பதும்தான் நர்சிங். நோயாளியின் 14 அடிப்படைத் தேவைகள் என்று அவர் போட்ட பட்டியலைத்தான் தேர்வில் கேட்பார்கள், ஆனால் எனக்கு வலிமை, மன உறுதி, அறிவு என்ற அந்த மூன்றுதான் பெரிது. உங்கள் நோயாளி இன்சுலின் போட்டுக்கொள்ளவில்லையா? கை நடுங்குகிறதா, மனசு வரவில்லையா, இல்லை எப்படி என்று தெரியவில்லையா? மூன்றுக்கும் நாம் செய்ய வேண்டியது வேறு வேறு.

1960-களில் நர்சுகள் சமூகவியல், உளவியல், உடலியல் என்று பிற துறைகளில் முனைவர் பட்டம் வாங்கத் தொடங்கினார்கள். அங்கிருந்து கொண்டுவந்த கருத்துகளோடு 1970-ஐ ஒட்டி ரோஜர்ஸ், கிங், ராய், நியூமன், ஓரெம் என்று தியரிகள் வரிசையாக வந்தன. இத்தனையும் வந்தபிறகு, எல்லாவற்றுக்கும் பொதுவாக மனிதர், சூழல், ஆரோக்கியம், நர்சிங் என்ற நான்கும் இருப்பதை எடுத்துக்காட்டி நிலைநிறுத்தியவர் ஜாக்குலின் ஃபாசெட். எந்தத் தியரியைப் படித்தாலும் இந்த நான்கைப் பற்றியும் அது என்ன சொல்கிறது என்று ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள், குழப்பம் வெகுவாகக் குறையும்.

சரி, உங்கள் ஆய்வுக்கு வருவோம். நான் ஓரெமைத்தான் சொல்வேன். ஒருவர் தன்னைப் பார்த்துக்கொள்ள என்னென்ன தேவை, அதைச் செய்யும் திறன் அவரிடம் எவ்வளவு இருக்கிறது, இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழும்போது நர்ஸ் எந்த அளவுக்கு உள்ளே வர வேண்டும் என்பதே அவருடைய சட்டகம். எல்லாவற்றையும் நாமே செய்வது, பாதி செய்வது, கற்றுக்கொடுத்துத் துணை நிற்பது என்று மூன்று நிலைகள் சொல்கிறார், உங்கள் பயிற்சி மூன்றாவதில் அப்படியே உட்காரும். ஊசியை வீட்டில் வேறொருவர் போடுகிறார் என்றாலும் பிரச்சினையில்லை, பிறரைச் சார்ந்திருப்பவர்களின் பராமரிப்புக்கும் அதில் இடம் இருக்கிறது.

ஆனால் உங்கள் நோயாளிகளில் பலர் ஊசி என்றாலே பயந்து மறுப்பவர்கள் என்றால் ஓரெம் மட்டும் போதாது, பெப்லாவ் பக்கம் போங்கள். சர்க்கரை நோயோடு வாழ்க்கையே மாறிப்போனதை எப்படி ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதுதான் உங்கள் அக்கறை என்றால் ராயின் தகவமைப்பு மாதிரி சரியாக வரும். ரோஜர்ஸை இந்த ஆய்வுக்கு எடுக்காதீர்கள், மனிதரையும் சூழலையும் பிரிக்க முடியாத ஆற்றல் புலங்களாகப் பார்க்கும் ஆழமான சிந்தனைதான், ஆனால் அளந்து பார்க்கக்கூடிய மாறிகளாக அதை இறக்குவதற்குள் உங்கள் காலம் முடிந்துவிடும்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். நிறைய ஆய்வேடுகளில் முதல் அத்தியாயத்தில் தியரியின் படம் ஒன்று அழகாக இருக்கும், அதற்குப் பிறகு அந்தப் பெயரே எங்கும் வராது. அப்படிச் செய்யாதீர்கள். ஓரெமின் ஒவ்வொரு கருத்துக்கும் எதிரே எதை வைத்து அளக்கப்போகிறீர்கள் என்று இப்போதே எழுதுங்கள்: திறன் என்றால் அறிவு வினாத்தாளும் ஊசி போடுவதைப் பார்த்துக் குறிக்கும் செக்லிஸ்ட்டும், இடைவெளி என்றால் அந்தச் செக்லிஸ்ட்டில் விடுபடும் படிகள், நர்சின் பங்கு என்றால் உங்கள் பயிற்சியின் பாடத்திட்டம். அப்புறம் முடிவுகளை விவாதிக்கும் அத்தியாயத்தில், பயிற்சிக்குப் பிறகும் இடைவெளி குறையாதவர்கள் யார், ஏன் என்று ஓரெமிடமே திரும்பிப்போய்க் கேளுங்கள், உங்கள் வழிகாட்டி முதலில் பார்க்கப்போவது அந்தப் பக்கத்தைத்தான்.