ஒரு சுரம் உனக்கு, ஒரு சுரம் எனக்கு

அன்புள்ள ஐயா,

சிலி நாட்டின் இன்டி இல்லிமானி இசைக்குழுவை விடாமல் கேட்டுவருகிறோம். ஸ்பானிஷ் தெரியாது. பாட்டு வரி புரியாதவனுக்கு அரசியல் எப்படி வந்து சேரும்? நகரத்து மாணவர்கள் ஆண்டீஸ் மலைமக்களின் இசையை எடுத்துக்கொண்டதும் உறுத்துகிறது. நாங்கள் ஐந்து பேர் அரசியல் பாடல்களுக்கென்று ஒரு குழு தொடங்கியிருக்கிறோம். நான் சம்போன்யா (குழல்களை வரிசையாகக் கட்டிய ஊதுகருவி) வாங்கித் தனியாகப் பழகப்போகிறேன். சரியா?

ம.

அன்புள்ள ம.,

தனியாகப் பழகப்போகிறேன் என்கிறீர்களே, அதற்காகத்தான் இந்தப் பதில்.

வரிக்கு வருவோம். 1973 செப்டம்பர் 11 அன்று சிலியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது குழு இத்தாலியில் இருந்தது. 1988 வரை ஊர் திரும்ப முடியவில்லை. உள்நாட்டில் குவேனா என்ற மலைப் புல்லாங்குழல், சராங்கோ என்ற சிறு தந்திக்கருவி இவற்றின் ஒலியே இடதுசாரி அடையாளமாகிச் சந்தேகத்துக்கு உள்ளானது. அந்த நாட்களில் பர்ரோக்கோ அந்தினோ என்ற குழு அதே கருவிகளில் ஐரோப்பிய இசைமேதை பாஹின் இசையை வாசித்தது. கேட்டவர்களுக்குச் சொல் தேவைப்படவில்லை. மாணவர்கள் எடுத்துக்கொண்டது தவறா என்ற விசாரணையை விட்டுவிடுங்கள். யாருடையது என்று சொல்லி, ஒழுங்காக வாசித்தால் போதும்.

ஒழுங்காக என்றால் என்ன? ஆண்டீஸ் மலையில் தித்திகாகா ஏரிக்கரையின் ஐமாரா மக்களிடம் சம்போன்யா இருவர் வாசிக்கும் கருவி. இரண்டு வரிசை: ஆர்க்காவில் 7 குழல், ஈராவில் 6. பரவலாகக் கிடைக்கும் அளவில், மிக நீளமான குழலை சட்ஜமாகக் கொண்டால் வருபவை அரிகாம்போதி ராகத்தின் சுரங்கள். ஆர்க்காவில் ச க ப நி ரி ம த. ஈராவில் ரி ம த ச க ப. ச ரி க ம என்று நாலு சுரம் நகரவே இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஊதும்போது மற்றவர் மூச்சு வாங்குகிறார். இரண்டு வரிசையையும் சேர்த்துக் கட்டி ஒருவரே வாசிப்பது மேடை வழக்கம். இன்டி இல்லிமானி போன்ற குழுக்கள் வழியாகத்தான் அது உலகுக்குப் பழக்கமானது. அவர்கள் மேல் எவ்வளவு அன்பிருந்தாலும் இதை நான் ஏற்கமாட்டேன். வேகமான மெட்டில் தனி ஆளுக்குத் தலை சுற்றும். அதைவிட, கூடிச் செய்தால்தான் மெட்டே பிறக்கும் என்ற ஏற்பாடு போய்விடுகிறது. ஐந்து பேர் சேர்ந்து கூட்டுவாழ்வைப் பாடப்போகிறீர்கள், அதற்கு ஒருவர் தனியாக ஊதுவதா?

கருவி வாங்கவும் வேண்டாம். அரை அங்குல பிவிசி குழாய் போதும். மிக நீளமான குழல் சுமார் 29 சென்டிமீட்டர். எல்லாவற்றையும் கொஞ்சம் நீளமாகவே வெட்டுங்கள், குறைந்துபோனால் கூட்ட முடியாது. அடியைக் கார்க்கால் காற்றுப் புகாமல் அடையுங்கள். கசிந்தால் ஒலி எழாது. கார்க்கை உள்ளே தள்ளினால் சுருதி ஏறும். மூங்கிலில் இது முடியாது; குழலுக்குள் தானியமணி போட்டு ஏற்றுவார்கள். சிறிது ஊதிச் சூடானபிறகே சுருதி பாருங்கள், குளிர்ந்த குழல் இறங்கித்தான் ஒலிக்கும்.

தோளோடு தோள் நின்று பழகுங்கள். அடுத்தவர் தொடங்கும்வரை உங்கள் சுரத்தை விடக்கூடாது. விட்டால் மெட்டில் ஓட்டை விழும். தாளக்கணக்கு எண்ணிச் சேர்வதும் உதவாது, பக்கத்து மூச்சைக் கேட்டுத்தான் சேர வேண்டும். ஒலிப்பதிவில் இருவரையும் தனித்தனி அறையில் வைத்து எடுக்காதீர்கள். மேடையில் ஒரே மைக் போதும், இருவருக்கும் நடுவில்.