ஸ்கேனில் ஒன்றுமில்லை, ஆனால் வலிக்கிறதே!

கேள்வி: எனக்கு வயது 41. வீட்டிலேயே வெள்ளிக் கொலுசுக்குப் பற்றவைக்கும் வேலை செய்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன் இடது காது நரம்பில் கட்டி என்று காதுக்குப் பின்னால் மண்டையைத் திறந்து எடுத்தார்கள். புற்றுநோய்க் கட்டி இல்லை. ஆனால் அந்தக் காது போய்விட்டது, முகம் ஒரு பக்கம் கோணியிருக்கிறது, இடது கண் முழுசாக மூடாது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன் டாக்டர், பின்மண்டை வலியைத்தான் தாங்க முடியவில்லை. தினமும் மாத்திரை போட்டுத்தான் வேலைக்கு உட்காருகிறேன். போன மாதம் ஸ்கேன் பார்த்துவிட்டு, எல்லாம் சுத்தமாக இருக்கிறது, மனசைத் தைரியமாக வைத்துக்கொள் என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டிலும் இப்போது நம்புவதில்லை. எனக்கு மனசுதான் கெட்டுவிட்டதா?
- பெயர் வேண்டாம், சிவதாபுரம், சேலம்

பதில்: இல்லையம்மா. உங்கள் வலி நிஜம். ஸ்கேன் எடுத்தது கட்டி திரும்ப வந்திருக்கிறதா என்று பார்க்க. வரவில்லை, அது நல்ல செய்தி. ஆனால் வலி படத்தில் விழாது.

காதுக்குப் பின்னால் திறக்கும்போது கழுத்துத் தசையை வெட்டி விலக்கித்தான் எலும்புக்குப் போக முடியும். பின்மண்டைத் தோலுக்குப் போகும் நரம்பு அந்தத் தசை வழியாகத்தான் ஏறுகிறது. அது வெட்டுப்படலாம், இல்லை தழும்புக்குள் மாட்டிக்கொள்ளலாம். சிலருக்குத் தசை உள்ளே மூளை உறையோடு ஒட்டிக்கொண்டு, திரும்பினாலும் இருமினாலும் இழுக்கும். பலருக்கு மாதங்கள் போகப்போகக் குறைந்துவிடுகிறது, சிலருக்கு வருஷக் கணக்கில் நிற்கிறது. அதோடு நீங்கள் நாள் முழுக்கத் தலையைக் குனிந்து பற்றவைக்கிறீர்கள், ஏற்கெனவே அடிபட்ட கழுத்து அது. வேலைப் பலகையை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி வையுங்கள், அரை மணிக்கு ஒருமுறை எழுந்திருங்கள்.

அப்புறம் அந்தத் தினசரி மாத்திரை. சாதாரணத் தலைவலி மாத்திரையையே மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து போட்டால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். நீங்கள் செய்த தப்பு இல்லை, வலித்தவர் வேறென்ன செய்வார்? டைக்ளோபினாக் போன்றவை என்றால் வயிறும் சிறுநீரகமும் சேர்ந்து கெடும். மருத்துவரிடம் சொல்லி, அவர் மேற்பார்வையில் குறைக்க வேண்டும். முதல் சில வாரம் வலி கூடும், பிறகு இறங்கும்.

இதற்கென்றே வேறு மருந்துகள் இருக்கின்றன. அமிட்ரிப்டிலின், கபாபென்டின் போன்றவற்றைக் குறைந்த அளவில் ஆரம்பிப்போம், பலன் தெரியச் சில வாரம் பிடிக்கும். அமிட்ரிப்டிலினைப் பார்த்து மருந்துக்கடையில் "இது மனச்சோர்வுக்குக் கொடுப்பதாச்சே" என்று சொல்வார்கள், பயந்து நிறுத்திவிடாதீர்கள். நரம்பு வலிக்கும் அதே மருந்துதான். தழும்புக்குப் பக்கத்தில் ஓர் இடத்தை அழுத்தினால் மின்சாரம் போல மேலே சுண்டி இழுக்கிறதா? அப்படியென்றால் அந்த நரம்பைச் சுற்றி மரப்பு ஊசி போட்டுப் பார்க்கலாம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் நரம்பியல் பிரிவுக்குப் போங்கள். போவதற்கு முன் ஒரு மாதம், எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த மாத்திரை என்று நோட்டில் எழுதுங்கள். "எப்பவும் வலிக்குது" என்பதைவிட அந்த நோட்டு மருத்துவரை நிமிர்ந்து உட்கார வைக்கும்.

எனக்கு உங்கள் கண்ணைப் பற்றித்தான் அதிகக் கவலை. மூடாத கண்ணோடு பர்னர் சூட்டிலும் தூசியிலும் உட்காருகிறீர்கள். காப்புக் கண்ணாடி இல்லாமல் உட்காராதீர்கள். பகலில் அடிக்கடி செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, இரவில் களிம்பு போட்டு இமையை டேப் ஒட்டி மூடிப் படுங்கள். இந்தக் கட்டி பக்கத்தில் இருக்கும் முகத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பையும் தொட்டிருந்தால் கண்ணில் உறுத்தலே தெரியாது, உள்ளே புண்ணாகிக்கொண்டிருக்கும். சிவந்தாலோ பார்வை மங்கினாலோ அன்றைக்கே காட்டுங்கள்.

ஒன்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள்: குனியும்போது மூக்கில் தண்ணீர் போல ஒழுகினாலோ, தொண்டையில் உப்புக் கரித்தாலோ மூளை நீர் கசிகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். அதோடு காய்ச்சல், கழுத்து விறைப்பு வந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

கேள்வி: அதே ஆபரேஷன் எனக்கும் ஆனது. ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலை. பகலில் சரியாக நடக்கிறேன், மூடுபனி இறங்கினாலும் இருட்டினாலும் தள்ளாடுகிறேன். குடித்திருக்கிறான் என்கிறார்கள்.

பதில்: கட்டியோடு ஒரு பக்கச் சமநிலை நரம்பும் போனபிறகு மூளை கண்ணையும் பாதத்தையும் நம்பித்தான் உடம்பை நிறுத்துகிறது. பனியில் கண் உதவாது, மலைச்சரிவில் பாதமும் ஏமாற்றும். தள்ளாட்டம் அதனால்தான், இந்தப் பதிலை அவர்களிடமே காட்டுங்கள். கைத்தடியும் டார்ச்சும் எப்போதும் இருக்கட்டும், மிளகு பறிக்க ஏணியில் மட்டும் ஏறவே ஏறாதீர்கள். தலைசுற்றல் மாத்திரையை மாதக்கணக்கில் போட்டால் மூளை பழகுவது தாமதமாகும், சமநிலைப் பயிற்சிதான் மருந்து. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருவார், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

கேள்வி: ஒரு காது கேட்காததற்கு மாற்றுத்திறனாளி சான்று கிடைக்குமா?

பதில்: கிடைப்பது கடினம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இரண்டு காதிலும் உள்ள குறையைத்தான் கணக்கில் எடுக்கிறது.