கலிபோர்னியாவில் லிஃப்ட் மெக்கானிக் சான்றிதழ்: கேள்வி பதில்

அண்ணா, என் சான்றிதழ் வரும் மார்ச்சில் முடிகிறது. புதுப்பிக்கத் தேவையான 8 மணி நேர வகுப்பை, கார்டு கைக்கு வந்த இரண்டாவது மாதமே முடித்துவிட்டேன். போதும்தானே?

போதாது, தம்பி. சான்றிதழ் 2 ஆண்டுக்குச் செல்லும். ஆனால் வகுப்பு, சான்றிதழ் முடியும் தேதிக்கு முந்தைய ஓராண்டுக்குள் முடித்ததாக இருக்க வேண்டும். முதல் வருஷத்தில் படித்தது வேலைக்கு உதவும், புதுப்பிக்க உதவாது. சுறுசுறுப்பானவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள், பாவம். வகுப்பு நடத்துபவரும் அங்கீகாரம் பெற்றவராக இருக்க வேண்டும். புது கன்ட்ரோலர் பற்றி கம்பெனிக்குள் எடுக்கும் பாடம் தானாகக் கணக்கில் வந்துவிடும் என்று நினைக்காதீர்கள்.

முதுகில் ஆபரேஷன் ஆகிப் படுத்திருக்கிறேன். வகுப்புக்குப் போக வழியில்லை.

உடம்பைப் பாருங்கள். தற்காலிக இயலாமைக்குச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. டாக்டரின் சான்றோடு கால்-ஓஷாவின் (மாநிலத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை) லிஃப்ட் பிரிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். தேதி தாண்டும் முன்பே அனுப்பிவிடுங்கள்.

சார், சென்னையில் பல வருஷம் லிஃப்ட் சர்வீஸ் பார்த்தவன். அந்த அனுபவத்தை வைத்து நேராக விண்ணப்பிக்கலாமா?

கைப்பழக்கம் எங்கே போனாலும் கைகொடுக்கும், காகிதம்தான் சிக்கல். ஒரு வழி, 3 வருஷ அனுபவத்தோடு எழுத்துத் தேர்வு. அந்த அனுபவத்தை இந்த மாநிலத்தில் தொழில் நடத்தும் உரிமம் உள்ள முதலாளிகள் உறுதி செய்ய வேண்டும் என்பதால், சென்னைக் கடிதத்தை மட்டும் நம்பி இறங்காதீர்கள். இன்னொரு வழி, பதிவு பெற்ற அப்ரண்டிஸ் பயிற்சி. யூனியன் வழியாகச் சேர்பவர்கள் NEIEP என்ற லிஃப்ட் தொழில் கல்வி அமைப்பின் பாடத்திட்டத்தில் 4 வருஷம் படித்து மெக்கானிக் தேர்வு எழுதுகிறார்கள். சம்பளத்தோடு படிப்பு. வயது இடம் கொடுத்தால் நான் இதைத்தான் சொல்வேன்.

நண்பரிடம் சி-11 என்ற லிஃப்ட் கான்ட்ராக்டர் உரிமம் இருக்கிறது. அவருக்கும் மெக்கானிக் சான்றிதழ் வேண்டுமா?

சி-11 தொழில் நடத்த. அவரே ஸ்பேனர் எடுத்தால் மெக்கானிக் சான்றிதழும் வேண்டும். கம்பெனிக்குத் தனிச் சான்றிதழ் வேறு உண்டு.

என் கார்டு போன வாரம் காலாவதி. முதலாளி, "பரவாயில்லை, போய் வேலையைப் பார்" என்கிறார்.

தனியாகப் போகாதீர்கள். சான்றிதழ் உள்ள மெக்கானிக் ஒருவர் பக்கத்திலேயே நின்று மேற்பார்வை பார்த்தால் ஹெல்பராக வேலை செய்யலாம். அப்படி ஒருவரை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், மெசேஜில் எழுதியே கேளுங்கள்.